வாவிச் சேற்றுக்குள் இரண்டாவது மணல்

தேற்றாத்தீவு அன்னப்பூரணி ஒரு காலத்தில் இரண்டு பேர் வேலையைச் செய்வாள், நாலு பேர் பேச்சைப் பேசுவாள். சுனாமிக்குப் பிறகு வேலை மட்டும் மிஞ்சியது. புருசன் அழகரத்தினத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவனுக்கு வந்த மஞ்சள் காமாலை மாறினால் வீடு வீடாய் மடிப்பிச்சை எடுத்துக் கண்ணகை அம்மனுக்குச் செய்வதாக அந்த வருடத் தொடக்கத்தில் நேர்ந்திருந்தாள். காமாலை மாறியது. சண்டை, பாதை பூட்டு என்று நேர்த்தியைத் தள்ளிப்போட்டாள்.

செத்த வீட்டில் புருசனின் அக்கா ஆச்சிப்பிள்ளை எல்லோர் முன்னாலும் கத்தினாள்: "உன்ட நேர்த்தி தப்பினதாலதான்டி கடல் ஏறினது!" அவளுடைய வாய் அப்படிப்பட்ட வாய். ஊர் அதை மறந்தது. அன்னப்பூரணி மறக்கவில்லை. இத்தனை சனத்தைக் கொன்றவள் நான்தான் என்று ஆறு வருடம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள், பாவி மனுசி.

யுத்தம் முடிந்து, வாவியில் பயமில்லாமல் தோணி விடலாம் என்றானது. காத்தான்குடிப் பெண் பரீனா, பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி செய்கிறவள், நீளமான பிளாஸ்டிக் குழாய்களோடு வந்து இறங்கினாள். இறால் பிடிக்கும் அன்னப்பூரணியின் தோணிதான் அவளுக்குக் கிடைத்தது. குழாயைச் சேற்றில் இறக்கி, மேல்வாயை இறுக்கி மூடி, இருவரும் தம் பிடித்து இழுத்தார்கள். கரையில் வைத்து நெடுக்காகப் பிளந்தால் உள்ளே கறுத்த சேறு. மேல்பக்கத்தில் ஒரு விரல் தடிப்புக்கு வெள்ளை மணல்.

"இது சுனாமி கொண்டு வந்த கடல் மண், அக்கா," என்றாள் பரீனா.

அன்னப்பூரணி குழாய்க்குக் கிட்டக் குனிந்தாள். பார்வையைக் கீழே கீழே கொண்டுபோனவள் திடுக்கிட்டாள்.

"மிஸ்! இஞ்ச கீழயும் கிடக்கு!"

பரீனா துள்ளிக் குதித்தாள். சேற்றுக் கையோடு அவளைக் கட்டிப்பிடித்தாள். "இதுவும் கடல் வந்ததுதான் போல! சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்லலாம். இவ்வளவு ஆழம் எண்டா ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்!"

சந்தோசம் தாங்காமல் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். டைனோசர்கள் அழிந்த கதையையும் மண்ணில்தான் வாசித்தார்களாம். உலகத்தின் பல மூலைகளில் ஒரே மெல்லிய களிமண் படை. அதற்குள் பூமியில் அரிதான, விண்கற்களில் கூடுதலான ஓர் உலோகம். படைக்குக் கீழே டைனோசர் எலும்பு உண்டு, மேலே இல்லை. மெக்சிக்கோப் பக்கம் அதற்கு அடியில் பேரலை வாரிப்போட்ட மணலும் கிடக்கிறது. மலையளவு கல் வானத்திலிருந்து விழுந்து கடல் எழும்பியிருக்கிறது.

"அண்டைக்கு ஆக்கள் இருந்தாங்களா மிஸ்?"

"ஒரு மனுசரும் இல்ல அக்கா. அது ஆறரைக் கோடி வருசத்துக்கு முந்தி."

"அப்ப ஆர்ட நேர்த்தியும் தப்பல்ல?"

பரீனாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. அன்னப்பூரணி விளக்கிக்கொண்டு நிற்கவுமில்லை. சேறு வழியும் சேலையோடு ஓடிப்போய் ஆச்சிப்பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்து வந்தாள். "விடுகா, பேய் பிடிச்சிட்டா உனக்கு?" என்று திமிறியவளைக் குழாய்க்கு முன்னால் குந்த வைத்தாள்.

"பாருங்க மச்சாள்! நான் பொறக்க முன்னமே கடல் வந்திருக்கு! நான் கூப்பிடல்ல!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின.

ஆச்சிப்பிள்ளை கீழ் மணலில் விரலை வைத்தாள். ஆராய்ச்சி மண்ணைத் தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்த பரீனா, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாய் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"கடல் ஏறின அண்டைக்கு விடிய மீன் வாங்கிட்டு வாடா எண்டு தம்பியக் கடற்கரைக்கு அனுப்பினவள் நான்கா," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "ஆருக்கும் சொல்லல்ல."

அன்னப்பூரணி அவள் பக்கத்தில் சேற்றிலேயே இருந்தாள்.

"நீங்களும் கூப்பிடல்ல மச்சாள்," என்றாள்.