ஆர்டித் வெட்டிய அறுகோணங்கள்

லவானின் சிரிப்பை நினைத்தாலே எனக்கு இப்போதும் குமட்டுகிறது. எங்கள் அயோவா ஊரில், தேவாலயத்தின் கீழறையில் வியாழன்தோறும் கூடித் துண்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது ஆர்டித்தைப் பற்றி.

பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் டப்பா திறந்து ஓய்வு பெற்றவள் ஆர்டித். அவள் பிடி இரும்புப்பிடி. எங்கள் போர்வையின் துணிப்பூக்களுக்கு முதலில் காகித அறுகோணம் வேண்டும். அதன்மேல் துணியை மடித்துத் தைத்து, பூவாக ஒன்றோடொன்று இணைத்து, பிறகு காகிதத்தை உருவிவிடுவார்கள். காகிதம் மயிரிழை பிசகினாலும் பூ சரியாகச் சேராது. காகிதத்தை அறுகோணமாக வெட்டும் 'பஞ்ச்' என்ற கைக்கருவியைக் கொஞ்ச நேரம் அழுத்தினாலே மற்றவர்களுக்கு மணிக்கட்டு வீங்கிவிடும். ஆகவே, வீட்டுக்கு வரும் விளம்பரத்தாள் எல்லாம் ஆர்டித்தின் மடியில் குவிந்தது. குளிர்காலம் முழுக்க அழுத்தினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தபோது கட்டுப் போட்டுக்கொண்டு அழுத்தினாள். அதை ஒருத்தியும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, சீ!

போர்வையின் பின்பக்கம் பெயர்கள் தைக்கும் நாள் வந்தது.

"என் பேரையும் போட்டுடுவீங்கல்ல?" என்றாள் ஆர்டித். "போர்வையைச் சந்தைப் போட்டியில வைக்கும்போது என் தங்கச்சி வர்றா. அவகிட்ட காட்டணும்."

"பஞ்ச் அமுக்குறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்றாள் லவான். "அப்புறம் காபி போட்டவளும் பேர் கேப்பா!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். காபி போட்டவள் நான்தான். அந்தக் காபியை அவள் தலையில் கவிழ்த்திருக்கலாம்.

ஆகஸ்டில், மாவட்டச் சந்தைப் போட்டியில் போர்வைக்கு முதல் பரிசு. பரிசுக்கான நீலப் பட்டைக்குக் கீழே ஓர் அட்டை தொங்கியது. அதன் அடியோரத்தில் லவான் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தாள். கூடத் தைத்தவர்கள் பெயர்கூட இல்லை. எவ்வளவு கேவலம்! அவளோ, வறுத்த பன்றியிறைச்சியை எண்ணெய் வழியக் கடித்தபடி, வந்தவர்களின் பாராட்டை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"உன் பேர் எங்கக்கா?" என்றாள் ஆர்டித்தின் தங்கை.

ஆர்டித் கைப்பையிலிருந்து அந்தப் பஞ்ச் கருவியை எடுத்தாள். அட்டையின் அடியோரத்தை அதில் நுழைத்து ஓர் அழுத்து. பெயர் இருந்த இடத்தில் சுத்தமான ஓர் அறுகோண ஓட்டை.

விழுந்த துண்டை எடுத்து, லவானின் எண்ணெய்க் கையில் வைத்தாள்.

"இந்தா, இதையும் நான்தான் வெட்டினேன்."