பிழை நஸீமாவின் கையில் இருக்கவில்லை

நஸீமாவின் நானா எனக்குத் தொலைபேசி எடுத்தபோது நண்பகல் ளுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. "பர்ஸானா, தங்கச்சி மவுத்தாகிட்டா," என்றார். மூன்று நாள் டெங்குக் காய்ச்சல், நாற்பத்தொரு வயது. ஒரு மணித்தியாலம் கழியவில்லை, எங்கள் பழைய ஆய்வுகூடத்தின் வட்ஸ்அப் குழுவில் பேராசிரியரின் அனுதாபம் வந்து விழுந்தது. 'துல்லியத்துக்கு இன்னொரு பெயர் நஸீமா' என்று எழுதியிருந்தார். துல்லியமாம்! அவளை அறிந்தவர்களே, அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் ஊர் கண்டக்குழி, என் ஊர் மதுரங்குளி, இரண்டும் புத்தளம் பக்கம். கொழும்பில் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மேசையில் வேலை செய்தோம். குடுவையில் வளர்த்த மார்பகப் புற்றுநோய் உயிர்க்கலங்களுக்கு, அவற்றையே குறிவைத்துத் தாக்கும் ஒரு மருந்தைக் கொடுப்போம். பிறகு கலங்களுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ என்னும் மிகச் சிறிய மூலக்கூறுகள் கூடினவா குறைந்தனவா என்று அளப்போம். அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். மருந்து பட்டாலும் மாறாது என்று நம்பப்படும் வேறொரு மூலக்கூறைத் தெரிந்தெடுத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுவோம். அப்படி அளந்ததில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ நன்றாகக் கூடியது. அது கூடினால் மருந்து வேலை செய்கிறது, இனி நோயாளிகளின் இரத்தத்திலும் அதைத் தேடலாம் என்று பேராசிரியர் கட்டுரை எழுதத் தொடங்கினார்.

நாங்களெல்லாம் கணினி கடைசியாகத் தரும் வரைபடத்தைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள். நஸீமா அதற்கு முன் இயந்திரம் தரும் மூல எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். ஒரு பின்னேரம் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இங்க பாரு புள்ள. மருந்து போட்ட எல்லாத்துலயும் அளவுகோலே கொறஞ்சிருக்கு."

"அது மாறாதே?"

"மாறாதுண்டு ஆரு சொன்ன? வாப்பா கடல்லேர்ந்து வரக்குள்ள நுரைச்சோலை கரண்ட் ஸ்டேஷன் புகைபோக்கியப் பாத்துத்தான் கரை புடிப்பாரு. அந்தப் புகைபோக்கியே நடந்து போனா வள்ளம் எங்க போய்ச் சேரும்?"

அளவுகோல் இறங்கினால், அதோடு ஒப்பிட்டது ஏறியதுபோலத் தெரியும். எங்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ உண்மையில் கூடவே இல்லை. அவள் வேறு மூன்று அளவுகோல்களை வைத்துத் திரும்பத் திரும்ப அளந்தாள். அதே விடைதான் வந்தது. அன்றைக்கே நானும் என் எண்களைத் திறந்து பார்த்தேன். அதிலும் அப்படித்தான் இருந்தது.

கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது பேராசிரியர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கள் கை பிழைத்திருக்கும். மருந்து போட்டவற்றில் குறைவாக எடுத்திருப்பீர்கள்," என்றார். நஸீமாவின் கையா? ஒரு துளியை நூறு தடவை எடுத்தாலும் நூறும் ஒன்றாகவே இருக்கும் கை அது. அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அப்படி வந்ததா?" என் ஆய்வுப் பட்டம் அந்தக் கட்டுரையில் தொங்கிக்கொண்டிருந்தது. "கவனிக்கவில்லை சேர்," என்றேன்.

அன்று ஊருக்கு வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். பணிஸைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். "எனக்கு ஓமுண்டு தலையாட்ட வாணாம் புள்ள. நீ பாத்தத சொல்லு, அது போதும்." அந்தப் பாதிப் பணிஸை நான் வாங்கித் தின்றேன்.

அவளுடைய வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. அதில் அவள் பெயர் இல்லை. என் பெயர் இரண்டாவதாக இருந்தது. அவள் புத்தளத்தில் இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் பார்க்கும் ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். ஒருமுறை அங்கே அவளைப் பார்க்கப் போனேன். சுகம் விசாரித்த கையோடு கேட்டாள்: "அந்தக் கட்டுரைய வச்சு நோயாளிகளப் பாக்க வெளிக்கிட்டாங்களா?"

"ஓம், தொடங்கப் போறாங்க."

"அப்ப மருந்து வேல செய்யாத பொம்பளைக்கும் வேல செய்யுதுண்டு சொல்லுவாங்களே! அவ அத நம்பிக்கிட்டு இருப்பாளே!"

அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்துத் தந்தாள். அவளுடைய அளவுகள் முழுவதும் அதில் இருந்தன. பக்கத்தில் என் பெயரை எழுதி, என் அளவுகளுக்காக மேலிருந்து கீழாக ஒரு நிரலை வெறுமையாக விட்டிருந்தாள். நான் அதை மடித்துப் பையில் வைத்தேன். இரண்டு வருடம் பையிலேயே கிடந்தது.

ஜனாஸாவைத் தூக்குமுன் நானா வாசலில் நின்று, "எங்கட தங்கச்சி உங்கள்ல ஆரையாவது கதையால, செயலால நோவிச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க," என்று கேட்டார். "மன்னிச்சிட்டோம்," என்றார்கள் எல்லோரும். உள்ளே பெண்களோடு நின்ற எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. அவளா எங்களை நோவித்தாள்? மையித்துக்காக உயிரோடிருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்க நமக்கு வழமை இருக்கிறது. உயிரோடிருப்பவர்கள் மையித்திடம் கேட்க ஒரு வழமையும் இல்லை.

நல்லடக்கம் முடிந்த மறுநாள் அந்த நிரலை நிரப்பினேன். கட்டுரையைத் திருத்தச் சொல்லி, எங்கள் இருவரின் அளவுகளையும் அதை வெளியிட்ட சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டேன். பேராசிரியருக்கும் ஒரு பிரதி போனது. உடனே அழைத்தார். "இறந்தவரை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்?" என்று கேட்டார். "உயிரோட இருக்கக்குள்ள வெளிய தள்ளினது நாங்கதானே சேர்," என்றேன். என் பட்டம் போனால் போகட்டும்.

நஸீமாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒற்றைத் தாள். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் இப்போது என் கையெழுத்தும் இருக்கிறது. அன்று கூட்டத்தில் இருந்த எல்லோரும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அங்கே கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். ஓம், எனக்கும் அப்படித்தான் வந்தது. அன்றைக்கே பார்த்தேன்.