சேற்றுக்குள் விட்ட கை

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களுக்கு, தண்ணீரில் இறங்கிவிட்டால் வாய் பேசுவதற்கு இல்லை, பறியைக் கடித்துக்கொள்வதற்குத்தான். பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. கழுத்து நனையும்படி தண்ணீரில் குந்தி, பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் அடிச்சேற்றில் பரப்பித் தடவியபடியே நகர வேண்டும். விரலில் இறால் தட்டுப்பட்டால் அமுக்கிப் பிடித்து, முகவாய்க்குக் கீழே தொங்குகிற பறிக்குள் போட வேண்டும். வாயைத் திறந்தால் அதுவரை பிடித்ததெல்லாம் ஏரிக்கே போய்விடும். அதனால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் போனாலும் ஒரு பேச்சுச் சத்தம் இருக்காது. "உங்க வாய்க்கு ஒரு பூட்டு குடுத்தாரே ஆண்டவரு, அதுக்கே நாங்க ஸ்தோத்திரம் சொல்லணும்" என்பார் என் வீட்டுக்காரர். சபைக்கு வந்தால் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காருகிற மனிதர், இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் ஸ்தோத்திரம் சொல்வார்.

மழை நின்று, ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் நன்றாகத் திறந்திருந்த சமயம். இறால் கொழித்துக் கிடந்தது. அப்போதுதான் என் வலது கையில் கெளுத்தி மீனின் முள் ஏறியது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஆழமாக இறங்கிவிட்டது. உயிர் போய் உயிர் வந்தது என்று சொல்வார்களே, அதுதான். பறியை விடவில்லை, கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டோம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுவோம். மறுநாள் திரும்பவும் ஏரியில் இறங்குவோம். ஏரியில் பட்ட காயத்துக்கு ஏரித் தண்ணீர்தான் மருந்து என்று எல்லாரும் நம்புகிறோம். வரிசையில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் வருகிறவள் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. காலையில் வாசலில் வந்து நின்று, "உப்புத்தண்ணி பட்டா சீழு வெக்காதுடி, வா" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குக் குத்தியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எத்தனையோ காயம் அப்படித்தான் எங்களுக்கு ஆறியிருக்கிறது. என் உடம்பில் சர்க்கரை இருப்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கை பன்னு மாதிரி உப்பியது. அப்புறம் கறுக்க ஆரம்பித்தது. காய்ச்சல் வேறு. எங்கள் சபை பாஸ்டர் ஜெபம் பண்ண வந்தார். சின்ன வயசுக்காரர். வந்ததும் வராததுமாக, "எல்லாம் கர்த்தருடைய சித்தம் சிஸ்டர்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"அப்போ உங்க கையில குத்தச் சொல்லுங்க பாஸ்டர். உங்களுக்கு அந்தக் கைய வெச்சு இன்னா வேல? பைபிள் புரட்ட ஒரு வெரல் போதும்" என்றேன்.

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டைப் பிரித்துக் கையைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "ஜெபத்த வழியில பண்ணிக்கலாம், ஏறுங்க" என்று தன் பைக்கிலேயே என்னைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் விழுந்துவிடாமல் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பொன்னேரியில் பார்த்தவர்கள் சென்னைக்குப் போகச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு பாஸ்டர் உட்கார்ந்து நீளமாக ஜெபம் பண்ணியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவருக்கு என் நன்றி தீராது.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகவே சொன்னார். "ரெண்டு விரலை எடுத்தே ஆகணும்மா. மீதிக் கையக் காப்பாத்த முடியுதான்னு உள்ள போய்த்தான் தெரியும்."

மீதிக் கை! வலது கை போனால் நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. வலை வீட்டுக்காரருடையது, படகு அவர் அண்ணனுடையது. எனக்கென்று இருந்தது அந்தக் கை ஒன்றுதான். இருட்டுச் சேற்றில் எது இறால், எது நண்டு, எது வெறும் சிப்பி என்று தொட்டவுடனே சொல்லுகிற கை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டது என்றால் அந்தக் கை கொண்டுவந்த சம்பாத்தியத்தால்தான்.

பத்தாவது வரை படித்து அழகாகக் கையெழுத்துப் போடுகிறவள் நான். சம்மதத்துக்கு இடது கட்டைவிரலில் மையைத் தடவிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது.

அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் போய் ஜெபிக்கிற விசுவாசிகள் சிலர் வந்தார்கள். என் கட்டிலைச் சுற்றி நின்று பரமண்டல ஜெபம் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிதாவின் சித்தம் செய்யப்பட வேண்டும் என்று கேட்கிற இடம் வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டேன். அன்றன்றைக்கு ஆகாரம் கேட்கிற இடத்தில் மறுபடி சேர்ந்துகொண்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம்தான். நானே சொல்லிவிட்டால், நீதானே சொன்னாய் என்று ஆண்டவர் கையை எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? அவர்கள் போன பிறகு தனியாகப் பேரம் பேசினேன். வீட்டை எடுத்துக்கொள்ளும், காதில் மூக்கில் கிடக்கிறதை எடுத்துக்கொள்ளும், எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், இந்தக் கையை மட்டும் விட்டுவிடும் என்றேன். பதில் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்காரரோ பக்கத்தில் வந்து உட்காராமல் வராண்டாவிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை ஜெபம் பண்ணத் துப்பில்லாத மனிதர் என்று அவர் மேலும் கோபம்.

மறுநாள் ஆபரேஷன் அறையில் கை மரத்துப்போக ஊசி போட்டார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு மாஸ்க் வைத்தார்கள். "பேசாம படுங்கம்மா" என்றார் நர்ஸ். வாய் அடைபட்டது. கையைப் பக்கத்தில் நீட்டி விரித்து வைத்திருந்தார்கள். குறுக்கே துணி கட்டியிருந்ததால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

இது எனக்குப் புதுசு இல்லையே என்று அப்போது தோன்றியது. இத்தனை வருஷமாக ஏரியில் நான் இப்படித்தானே இருந்தேன்? வாயை மூடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விரித்து விட்டுவிட்டு. அடியில் இறால் இருக்குமா முள் இருக்குமா என்று ஒரு நாளாவது கேட்டுக்கொண்டா இறங்கினேன்? இறாலை அங்கே போட்ட ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றுதானே விட்டேன்? அங்கே விட்ட கையை இங்கே விட ஏன் இத்தனை பேரம்?

முந்தின நாள் ஜெபத்தில் விழுங்கிய அந்த வரியை மாஸ்க்குக்குள்ளேயே சொன்னேன். சத்தம் வரவில்லை. பெரிய வெளிச்சமோ குரலோ எதுவும் இல்லை. பயமும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று உள்ளே தளர்ந்தது. அழுகையாக வந்தது. அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.

இரண்டு விரல்கள் போயின. கட்டைவிரலும் கடைசி இரண்டும் மிஞ்சின.

ஊருக்கு வந்த பிறகு இருந்த நாட்கள்தான் எனக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டம். வரிசைக்கு வர முடியாதவளுக்கு ஆளுக்கு ஒரு பிடி இறால் போடுவது எங்கள் பெண்களிடம் உள்ள வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடப்பவளுக்கும் நானும் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். போடுகிற கை எனக்குப் பழக்கம், ஏந்துகிற கை பழக்கமில்லை. முதல் நாள் ஓரகத்தி பறியோடு வந்து என் சட்டியில் கவிழ்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத. எனக்கு வந்தா நீ போடமாட்டியா? வாங்கிக்கடி" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். ஆண்டவர் கொடுப்பது இப்படி ஈரப் புடவையோடு வாசலில் வந்து நிற்கும், அதையும் ரோஷப்படாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்களில் ஒருவர்கூட ஒரு நாள்கூடச் சலித்துக்கொள்ளவில்லை.

காயம் நன்றாக ஆறி, டாக்டரம்மாவும் சரி என்று சொன்ன பிறகு, கையில் உறை மாட்டிக்கொண்டு மறுபடி ஏரியில் இறங்கினேன். தொட்ட இறால் எல்லாம் நழுவிப் போனது. விரல் இல்லாத இடத்தில் விரல் இருப்பதாகவே கை நினைத்துக்கொண்டிருந்தது. பாதி வழி போயும் பறியில் ஒன்றும் இல்லை. பிறகு கையைச் சாய்த்து, கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் அமுக்கிப் பார்த்தேன். துடித்தது. விடவில்லை. தண்ணீருக்கு மேலே தூக்கினேன். நல்ல பெரிய இறால்.

பக்கத்தில் வந்த ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டு, "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டாள். அவள் பறி தொப்பென்று தண்ணீரில் விழுந்து, காலையிலிருந்து பிடித்த அத்தனையும் ஏரிக்குப் போனது. மற்றவர்கள் பறியைக் கடித்தபடி மூக்கால் சிரித்தார்கள். அன்றைக்கு ஆளுக்கு ஒரு பிடி அவளுக்குப் போட்டோம். நானும் போட்டேன்.

சாயந்திரம் அந்த இறாலைக் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பழைய கோபம் ஞாபகம் வந்தது.

"யோவ், ஆஸ்பத்திரில வராண்டாவுல தூணாட்டம் நின்னுக்கினு இருந்தியே, எனக்காக ஒரு வார்த்த ஜெபம் பண்ணியா நீ?"

"பண்ணேன்மே."

"இன்னான்னு?"

தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். "வெசம் ரத்தத்துல ஏறிடுச்சு, உசுருக்கே உத்தரவாதம் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா என்னாண்ட சொன்னாங்க. அவளாண்ட இப்ப சொல்லாதீங்க, பயந்துடுவான்னு நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கினேன். அப்புறம் அங்கயே நின்னுக்கினு, அந்தக் கை முழுசயும் வேணா எடுத்துக்க ஆண்டவரே, இவள மட்டும் உட்டுடுன்னு கேட்டேன்."

உள்ளே கட்டிலில் நான் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், கையை விடும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இவர் கையை எடுத்துக்கொள்ளும், ஆளை விடும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நான் யாரிடம் போய்க் குறை சொல்வது? ஆண்டவர் வீட்டுக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, நான் கேட்டதிலும் மூன்று விரலை மிச்சம் வைத்திருந்தார்.

அந்த மூன்று விரலால் சோற்றை அள்ளி வீட்டுக்காரர் தட்டில் வைத்தேன். அவர் சாப்பிட்டார்.