சிலைக்குத் தைத்த பனியன்

பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆஷா பழைய தையல் மிஷின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே தைக்கத் தொடங்கியபோது எங்கள் வேலம்பாளையம் தெருவே சிரித்தது. விளாத்திகுளத்திலிருந்து பிழைக்க வந்தவள் முதலாளி ஆகப்போகிறாளாம்! "தீபாவளி வரைக்கும் பாரு. ஆர்டர் வரலைன்னா பழையபடி கம்பெனிக்கே போயிரு" என்று அவள் கணவன் மாரிச்செல்வம் கெடு வைத்துவிட்டான்.

வந்த முதல் ஆர்டர் ஒரு கல் மனிதருக்கு.

ரோட்டு முக்கில் நின்ற சிலை, பனியன் கம்பெனி முதலாளி மாரப்பனின் தாத்தாவுடையது. பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவர். கூலி உயர்வு கேட்ட தறிக்காரர் சென்னியப்பனைத் தென்னை மரத்தில் கட்டிவைத்து முதுகு வீங்க அடித்தவரும் அவரேதான். அடித்தவருக்கு எதற்குச் சிலை என்று ஒரு கூட்டம். படிக்க வைத்தவரை இறக்குவதா என்று இன்னொரு கூட்டம். டீக்கடையில் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. முடிவு தெரியும்வரை சிலையை மூடி வைக்கச் சொன்னார்கள் அதிகாரிகள். உறை தைக்கும் வேலையைக் கவுன்சிலர் ஆஷாவிடம் கொடுத்தார்.

அவள் கைக்குத் தெரிந்தது பனியன் துணிதான். தலையோடு மூட ஒரு பை, நீட்டியிருந்த வலது கைக்கு ஒரு ஸ்லீவ். பனியன் ஊர்ப் புத்தி வேறு எங்கே போகும்! போட்ட அன்று நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மழை. நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது. மூக்கு, முறுக்கு மீசை, தொந்தி, ஒன்று பாக்கியில்லை. பனியனோடு கிணற்றில் குதித்து ஏறியவர் மாதிரி நின்றார் பெரியவர். அதுவரை யாரும் நிமிர்ந்து பார்க்காத சிலையை இப்போது வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

பல்லடத்து முரட்டுக் காடாத் துணியில் தைத்திருந்தால் மானம் தப்பியிருக்கும். ஆஷா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "பேரு போச்சே! இனி எவன் எனக்குத் தைக்கத் தருவான்?"

முக்கில் நடந்ததோ வேறு. சண்டைக்கு வந்த இரண்டு கூட்டமும் சிலையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. சேர்ந்து சிரித்துவிட்டு அப்புறம் எப்படித் தொண்டை கிழியக் கத்துவது? கொஞ்ச நேரத்தில் மாரப்பனே முன்னால் வந்து, "எங்க தாத்தாவை எங்க தோட்டத்துக்கே கொண்டுட்டுப் போயிக்கறமுங்க" என்றார்.

சிலை போனபிறகு ஒருநாள் அவர் ஆஷா வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் மிஷினை விட்டு எழுந்தாள்.

"மன்னிச்சிருங்க சார். வேணும்னு செய்யலை."

"அட, அதை உடுங்க. அவரு அடிச்சது தப்புன்னு எங்களுக்கும் தெரியுமுங்க. இறக்குனா மானம் போயிருமுன்னு புடிவாதமா நின்னோம். ஊரே சிரிச்சுது, ஒண்ணும் போயிரலீங்க." அவர் மிஷினைப் பார்த்தார். "கல்லுக்கே அத்தனை கச்சிதமா ஸ்லீவு தெச்சிருக்கீங்க. தாத்தா கட்டுன பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு விளையாட்டுப் பனியன் வேணும், நீங்களே தெச்சுக் குடுங்க."

ஆஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதுகுல உங்க தாத்தா பேரைப் போடணுமா சார்?"

"வேண்டாமுங்க. அந்தந்தப் புள்ளைங்க பேரையே போட்டுருங்க."

தீபாவளி வந்தது. ஆஷா கம்பெனிக்குத் திரும்பவில்லை. இரண்டாவது மிஷினுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். கெடு வைத்த மாரிச்செல்வமே திண்ணையை அளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளி விளையாட்டு விழாவை நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். ஓட்டத்தில் முதலாவது வந்தவள் அன்று அடிபட்ட தறிக்காரர் சென்னியப்பனின் கொள்ளுப்பேத்தி. அவள் முதுகில் 'தேஜஸ்ரீ' என்று அவள் பேரே பெரிதாக எழுதியிருந்தது.