தங்கம் வந்தால் வைத்துக்கொள்ள

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். வைத்தவன் அடுத்த மேசைத் தூங்குமூஞ்சி. ஹெட்போனை மாட்டிக்கொண்டே குறட்டை விடுகிற அந்த மகானுக்கு, மற்றவர்களுக்குப் பட்டம் சூட்டும்போது மட்டும் தூக்கமே வராது. சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். பதினான்கு வருஷம் டாக்டர்கள் முனகி வைத்த குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்தவள் அவள். வாயில் பிஸ்கட்டை அடக்கிக்கொண்டு சொன்ன மருந்துப் பெயரைக்கூடப் பிசகாமல் எழுதுவாள். அந்த வேலையை ஒரு மெஷின் வந்து பிடுங்கிக்கொண்டது. போய்த் தொலை என்று இங்கே வந்தால், இன்னொரு மெஷினுக்குக் காதாக இருக்கும் வேலை.

விஷயம் இதுதான். வெள்ளம் புகுகிற பழைய ஆற்றோரத் தெருக்களை இடித்துவிட்டு, அங்கிருக்கும் நாலாயிரம் குடும்பங்களுக்கும் மேட்டில் புதுக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழும், காற்று எந்தச் சந்தில் நுழையும், மழைத்தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கு வீடு வரைபடம் போடுவது செயற்கை நுண்ணறிவு. ஆபீசில் யாரும் அப்படி நீட்டி முழக்குவதில்லை, மெஷின் என்பார்கள். வீட்டுக்காரர்கள் போனில் மூன்று நிமிஷம் தங்களுக்கு என்ன வேண்டுமென்று பேச வேண்டும். மெஷின் கேட்டு எழுதிக்கொள்ளும், எழுதியதை வைத்து வரையும். தப்பாகக் கேட்டதைத் திருத்துவது பாம்புச்செவியின் பிழைப்பு.

மெஷினுக்கு மூளை ஏராளம். நம் ஜனங்களின் பேச்சுதான் அதற்குத் தண்ணி காட்டியது. ஒரு பெரியவர் "காத்தாட உக்கார ஒரு எடம்" கேட்டார். அது காத்தாடி என்று எழுதிக்கொண்டு ஒரே அறையில் நாலு மின்விசிறியை மாட்டிவிட்டது. ஒரு குட்டையான அம்மாள், "மேல் அலமாரி எனக்கு எட்டாது" என்று சொல்லப்போக, சமையலறைச் சுவர் முழுக்க எட்டு அலமாரி! அன்றைக்கு இவள் சிரித்த சிரிப்பில் தூங்குமூஞ்சியே கண் விழித்துவிட்டான்.

ஆனால் சிரிப்பெல்லாம் மேலுக்குத்தான். ஏழு வாரமாக அவள் காத்திருந்தது ஒரே ஒரு தெருவுக்காக. பட்டியலில் அது தூங்குமூஞ்சியின் பங்கில் இருந்தது. பார்த்த அன்றே அவன் மேசைமுன் போய் நின்றாள்.

"இந்தத் தெருவ எனக்குக் கொடு. உன் மார்க்கெட் தெரு ரெண்டையும் நான் பாத்துக்கறேன்."

"மார்க்கெட் தெருவா? பேச்சுக்குப் பின்னாடி ஒரே லாரி சத்தம். யாராவது கேட்டு வாங்குவாங்களா?" என்று அவன் கண்ணைக் கசக்கினான். "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"ஆயிடுச்சுன்னே வச்சுக்க. கொடுப்பியா மாட்டியா?"

கரும்பு தின்னக் கூலியா என்று அவன் கொடுத்துவிட்டான்.

அந்தத் தெருவில் அவளுடைய அக்கா இருந்தாள். எட்டு வயது மூத்தவள். பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது.

பெரிய சண்டை ஒன்றும் நடந்துவிடவில்லை. பாம்புச்செவியின் புருஷன் லிப்ட் மெக்கானிக். அவன் கம்பெனி மூடிய வருஷம், புருஷனும் பெண்சாதியுமாக அக்காவின் ஒற்றை அறையில் நாலு மாசம் தங்கினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஐந்து பேர். ராத்திரியில் ஒருவர் புரண்டால் எல்லோரும் புரள வேண்டும். ஒரு நாள் காலையில் குளியலறை வாசலில் வரிசையில் நின்ற அக்கா, "இருக்கறவங்களுக்கே எடமில்ல, இதுல இவ வேற" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். இவள் அப்போதே பெட்டியைக் கட்டிக்கொண்டு, "இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் படியிறங்கினாள். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டாள். ரோஷக்காரியாம் ரோஷக்காரி!

ரோஷம் ஆறு மாசம் தாங்கியது. அப்புறம் மிஞ்சியது ஏக்கம் மட்டும்தான். இரண்டு தடவை பஸ் ஏறி அந்தத் தெருமுனை வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் முனைக் கடையில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். புருஷன்கூடக் கேட்டான், "இந்த சோப்புக்கா ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வர்ற?" என்று. எங்கேயாவது யாராவது யாரையாவது அக்கா என்று கூப்பிட்டால் இவள் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு அக்கா வேண்டும். முதலில் யார் பேசுவது என்பதில்தான் பதினோரு வருஷம் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்தத் தெருவின் வரைபடங்களைப் பூட்டுவதாக இருந்தது. பூட்டிவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஒரு கோடு மாற்ற முடியாது. அன்று மத்தியானம்தான் அக்காவின் பதிவு வரிசையில் மேலே வந்தது. படிவத்தைத் திறந்தாள். குடியிருப்போர்: ஒருவர். மகன்: வெளியூர். கணவர்: காலமாகி நான்கு வருடங்கள்.

அந்த மனுஷன் இவளுக்குக் கல்யாணப் புடவை எடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியவர். போய்ச் சேர்ந்ததே தெரியாமல் நாலு வருஷம் இவள் பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் ஹெட்போனை மாட்டினாள்.

"ஒரு ஆளுதான். பெருசா ஒண்ணும் வேணாம்" என்றது அக்காவின் குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. "தண்ணி நல்லா வந்தாப் போதும். அப்புறம், என் தங்கச்சி வந்தா வச்சுக்க ஒரு தனி எடம் வேணும். சின்னதா இருந்தாக்கூடப் பரவால்ல."

'தங்கச்சி'யில் பாதியை ஓர் இருமல் விழுங்கியிருந்தது. மெஷின், 'என் தங்கம் வந்தால் வைத்துக்கொள்ள ஒரு தனி இடம்' என்று எழுதி, ஒற்றை அறைச் சுவருக்குள் இரும்புக் கதவு போட்ட பெட்டகம் ஒன்றை வரைந்து வைத்திருந்தது. இரண்டடிக்கு ஒன்றரை அடி. பாம்புச்செவி அந்தப் பதிவை ஐந்து தடவை கேட்டாள். திருத்துவதற்காக அல்ல.

அப்புறம் ஆர்க்கிடெக்ட் மேடத்திடம் ஓடினாள். இவளைவிடப் பதினைந்து வயது சின்னவள், கெட்டிக்காரி, மனசும் கெட்டதில்லை.

"ஒரு ஆளுன்னா ஒரு ரூம்தாங்க. அது மெஷின் போட்டதில்ல, நம்ம விதி" என்றாள் மேடம். "வர்ற போற சொந்தத்துக்கெல்லாம் ரூம் போட்டா கட்டடம் ஆகாசத்துக்குப் போயிடும்."

"வேற வழியே இல்லையா மேடம்?"

"வருஷத்துல மூணு மாசமாவது வந்து தங்குவேன்னு அந்தத் தங்கச்சி சொல்லணும். போன்ல சொன்னாலே போதும், பதிவாயிடும். மெஷினே ரூம் போட்டுடும். அந்த அம்மாகிட்டப் பேசி, தங்கச்சி நம்பர் இருக்கான்னு கேளுங்க. அஞ்சு மணிக்குள்ள."

நாலரைக்குப் போன் போட்டாள். குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள்.

"வணக்கம்மா. புதுக் குடியிருப்பு ஆபீஸ்லேருந்து பேசறேன். நீங்க தங்கம் வைக்க எடம் கேட்டதா பதிவாகியிருக்கு."

"தங்கமா? நல்லா இருக்கே கூத்து! குந்துமணித் தங்கம்கூட என்கிட்ட கெடையாதும்மா. தங்கச்சின்னுல்ல சொன்னேன்!"

"சரிம்மா, திருத்திடறேன். அவங்க வருஷத்துக்கு மூணு மாசமாவது வந்து தங்குவாங்களா? அப்பதான் ரூம் தருவாங்க."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அத நான் எப்படிம்மா சொல்ல? எங்க இருக்காளோ, எப்படி இருக்காளோ. எடமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டேன். கோவம்கூட இல்ல, அசதி. கொட்டின வார்த்தைய அள்ள முடியுதா? எடம் இருக்குன்னு எங்கயாவது எழுதியாவது இருக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."

பாம்புச்செவி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தூங்குமூஞ்சி நிமிர்ந்து பார்த்தான்.

"அழறியா என்ன? ஐயோ, நீ எதுக்கும்மா?" என்றாள் அக்கா. "விடு. உனக்கு ஏன் சங்கடம். வரமாட்டான்னே போட்டுக்க."

"அப்படிப் போட முடியாதும்மா."

"ஏன் முடியாது?"

விதியைச் சொல்லியிருக்கலாம். மேடத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"வருவேன்க்கா."

திரையில் 'வருவேன் அக்கா' என்ற எழுத்துகள் விழுந்தன. இந்த முறை மெஷின் ஒன்றும் பிசகவில்லை. பெட்டகம் அழிந்து, அந்த இடத்தில் எட்டுக்குப் பத்தில் ஓர் அறை முளைத்தது.

போனில் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அந்த வீடு கட்டி முடிக்க எத்தன நாளாகும்?"

"ரெண்டு வருஷம்னு சொல்றாங்கக்கா."

"ரெண்டு வருஷமா?" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் நான் தனியாவே கெடக்கணுமாடி?"