ஆறு மணிக்கு மேல் டீ

ஞாயிறு காலை, வரதராஜன்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். மாதா கோவிலில் ஆறரைக்குப் பூசை. எதிர்க்கடையில் டீ கேட்கிறேன். நெற்றியில் திருநீறு பூசிய கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"பூசைக்குத்தானே வந்தீங்க? ஆறு தாண்டிடுச்சிங்க. ஏழு மணிவாக்குல நற்கருணை அப்பம் குடுப்பாங்க. முன்னல்லாம் நடுராத்திரியிலேருந்து பட்டினி கெடப்பாங்க. இப்ப நற்கருணை வாங்க ஒரு மணி நேரம் வாயக் கட்டுனா போதும். தண்ணி வேணா குடிங்க."

"நான் நற்கருணை வாங்கப் போறதில்லங்க."

அவர் டீயை ஆற்றி என் முன்னால் வைக்கிறார். சர்க்கரை டப்பாவை மூடியபடி, யாரிடமோ சொல்வதுபோல் சொல்கிறார்:

"சாமியார் பூசை ஆரம்பிக்கிற வரைக்கும் பாவசங்கீர்த்தனம் கேப்பாருங்க."

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கி எனக்குப் பன்னிரண்டு வருடமாகிறது; அது இல்லாமல் நற்கருணை வாங்கக் கூடாது. டீயில் ஆடை படிகிறது. இப்போது கடிகாரத்தைப் பார்ப்பது நான்.