படுத்துக்கொண்ட குருவித்தாள்

2013 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு புல்லைப் பார்ப்பதற்காக குன்றத்தூரில் பஸ் ஏறினேன். வேறு வேலையே இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள். உண்மையிலேயே இல்லை.

ஒரகடம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். கூட்டு ரோட்டில் இறங்கி, வல்லம் வடகாலுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். பதினைந்து ரூபாய்.

"இன்டர்வியூவா சார்?" என்றார் டிரைவர்.

"இல்லை. புல்லு பாக்கப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "மாடு வச்சிகினுகீறியா?"

எனக்கு மாடு இல்லை. என் வீட்டு மாடியில் குடியிருக்கும் முத்துக்குமார்தான் இதற்குக் காரணம். தென்காசிப் பக்கத்துக்காரர். வல்லம் வடகாலில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தோட்ட சூப்பர்வைசர். குருவித்தாள் என்ற புல் இந்த ஊர் மேய்ச்சல் தரையில் இடுப்புயரம் நின்றதாம். தரை போய்த் தொழிற்சாலை வந்தபின் நிற்பதை விட்டுப் படுத்துக்கொண்டதாம். இதை யாராவது நேரில் பார்க்க வேண்டாமா?

கேட்டில் என் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே, கம்பளம் விரித்த மாதிரி கொரியன் புல்வெளி. குனிந்தால்தான் குருவித்தாள் தெரிந்தது. தண்டு தரையோடு ஓடியது. கதிர், புல்வெட்டும் மிஷினின் கத்திக்கு எட்டாமல் விரலளவு உயரத்தில் இருந்தது. ராத்திரி முழுக்க விளக்கெரியும் சுவரோரத்தில் மட்டும் வருஷம் பூராவும் பூக்கிறது என்றார் முத்துக்குமார். ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் இலை அகலமாக இருந்தது. அதற்கு இது வேற்றுக் கிரகம்தான். ஆனாலும் குடியேறிவிட்டது. நிஜமாகவே எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது.

அந்தப் புல்லைப் பிடுங்குவதுதான் கன்னியம்மாவுக்கு வேலை. வல்லத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பிடுங்கியதை மூட்டை கட்டித் தன் பசுவுக்குக் கொண்டுபோகிறார். மேய்ச்சலுக்கு வேறு இடமில்லை. வைக்கோல் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது. தரகர் இரண்டு தரம் வந்து பசுவை விலை கேட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்குச் சிக்கல் வேறு. திங்கட்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள். களைக்கொல்லி அடித்துவிடச் சொல்லி முத்துக்குமாருக்கு உத்தரவு.

"மருந்து வேணாம் சார். மத்தியானத்துக்குள்ள அல்லாத்தையும் நானே கையால புடுங்கிடறேன். மிச்சம் கீற எடத்துல மட்டும் அடிச்சிக்கோ" என்றார் கன்னியம்மா.

முத்துக்குமார் யோசித்தார். "சரிக்கா. ஆனா ஒரு தாள் கண்ணுல படப்பிடாது."

அந்த அம்மாள் நிமிரவே இல்லை. வெயில் ஏற ஏற, சுவரோரத்தில் புல் குவியல் இடுப்பளவுக்கு வந்தது. வாரம் முழுக்கப் பசுவுக்குப் போதும் என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது.

நாங்கள் கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுத் திரும்பினோம். குவியல் நனைந்திருந்தது. முதுகில் மருந்து டேங்க்குடன் ஒரு ஆள் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இதுல ஏன் அடிச்சீரு?" என்றார் முத்துக்குமார்.

"கொரியன் புல்லத் தவிர பச்சையா எது இருந்தாலும் அடின்னு நீங்கதான சார் சொன்னீங்க? இது பச்சையாத்தான கீது?"

 காலையில் முத்துக்குமார் அப்படித்தான் சொல்லியிருந்தார். பிறகு அதை மாற்றிச் சொல்ல மறந்துவிட்டார்.

கன்னியம்மா ஒரு கை அள்ளி முகர்ந்தார். அடியில் கொஞ்சம் மருந்து படாத புல் இருக்குமோ என்று கிளறினார். பிறகு இரண்டு கையாலும் வாரி வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.  

கடைசிக் கை வாரியதும் கையைக் கழுவினார். கேட்டுக்கு வந்து, செக்யூரிட்டியிடமிருந்து தன் செல்போனை வாங்கித் தரகரைக் கூப்பிட்டார். "நாளைக்கு வந்து ஓட்டிகினு போ. வெல நீ சொன்னதே இருக்கட்டும்."

நான் கிளம்பினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று முத்துக்குமார் சொன்னார்: "மருந்தடிச்சாலும் சாகாது சார். தை மாசம் வாங்க, திரும்பவும் மொளச்சிருக்கும்."

வருவதாகச் சொன்னேன்.

"வா சார்" என்றார் கன்னியம்மா. "நானும் இங்கதான் இருப்பேன். புடுங்கிப் புடுங்கி குப்பையில கொட்டிகினு."